முதல் கிட்: மேசையிலிருந்து வயல் வரை

ரேடியோ விமானம் கட்டும் ஆசையோடு வருகிறவர்களில் பெரும்பாலோர் முதலில் கேட்பது ஒரு போர் விமானத்தை. பெட்டியின் மேல் ஸ்பிட்ஃபயரோ சுகோயோ சீறிக்கொண்டிருக்கும்; கை தானாக அங்கே போகும். முதல் கிட்டாக அதை வாங்காதீர்கள். சின்ன இறக்கையில் அதிக எடையைச் சுமக்கிற விமானம் அது. வேகம் குறைந்தால் விழுந்துவிடும். கற்றுக்கொள்கிறவருக்கு வேண்டியது மெதுவாகப் பறப்பது, குச்சியிலிருந்து கையை எடுத்தால் தானே நிமிர்வது, காலையில் உடைந்தால் மாலைக்குள் ஒட்டி முடிக்கக்கூடியது.

இந்த அத்தியாயத்தை வேப்பம்பட்டு என்ற ஊரை மனதில் வைத்து எழுதுகிறேன். சென்னை சென்ட்ரலிலிருந்து திருவள்ளூர் போகும் மின்சார ரயிலில் ஆவடி, திருநின்றவூர் தாண்டியதும் வருகிற ஊர். ஒரு பக்கம் கல் நட்ட வீட்டுமனைகள், மறுபக்கம் இன்னும் நெல் விளைகிற வயல்கள். கொளத்தூரிலோ அண்ணா நகரிலோ இருப்பவருக்குக் கிடைக்காத திறந்தவெளி இங்கே கிடைக்கிறது. மின்கம்பிகளும், படைத்துறை விமானத் தளங்களும், கோடைப் பிற்பகலில் திசை மாறும் காற்றும் இதே வட்டாரத்தில்தான் இருக்கின்றன. ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி வாசகர்களுக்கும் இதில் பெரும்பகுதி அப்படியே பொருந்தும்.

ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். விமானம் நன்றாகப் பறக்குமா என்பது வயலில் முடிவாவதில்லை. கட்டும் மேசையிலேயே, எடையிலும் நேர்த்தன்மையிலும் சமநிலையிலும் அது முடிவாகிவிடுகிறது. அதனால்தான் இந்த அத்தியாயத்தில் பறப்பதைவிடக் கட்டுவதற்கு அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

எதை வாங்குவது

இறக்கை உடலுக்கு மேலே உட்கார்ந்திருக்க வேண்டும். நுனியிலும் நடுவிலும் ஒரே அகலமாக, நீள்சதுரமாக இருக்க வேண்டும். இறக்கையின் அடிப்பக்கம் தட்டையாக இருந்தால் மேசைமேல் வைத்து நேராகக் கட்டுவது எளிது. நீளம் நுனிக்கு நுனி 120 செ.மீ. போதும். அதைவிடச் சிறியது காற்றில் துள்ளும், கண்ணுக்கும் சீக்கிரம் மறையும். அதைவிடப் பெரியதை மின்சார ரயிலிலோ இருசக்கர வண்டியிலோ கொண்டுபோக முடியாது.

இந்த வடிவம் புதிதல்ல. 1937-இல் அமெரிக்காவின் கலமசூ நகரில் வால்டர் குட், வில்லியம் குட் என்ற இரட்டையர்கள் 'கஃப்' என்ற மாதிரி விமானத்தை ரேடியோவால் இயக்கிப் பறக்கவிட்டார்கள். அந்தக் காலத்து வால்வு ரேடியோவின் கனத்தைத் தூக்க அதற்கு ஏறக்குறைய 8 அடி இறக்கை வேண்டியிருந்தது. ரேடியோ இன்று 15 கிராமுக்கு வந்துவிட்டாலும், பயிற்சி விமானத்துக்குத் தாராளமான இறக்கை வேண்டும் என்பது மாறவில்லை. சிக் நிறுவனத்தின் கேடட் வரிசை பல பத்தாண்டுகளாகப் பயிற்சிக்குப் பயன்படுவதும் இந்த வடிவத்தால்தான்.

கிட் இரண்டு வகையில் வரும். ஃபோம் போர்டு கிட் என்பது 5 மி.மீ. தாள் ஒட்டிய ஃபோம் அட்டையை வெட்டி, மடித்து, ஹாட் க்ளூவால் ஒட்டுவது. ஃப்ளைட் டெஸ்ட் குழுவினர் இத்தகைய விமானங்களின் வரைபடங்களை இலவசமாகவே தருகிறார்கள். அச்செடுத்து, ஸ்டேஷனரி கடை ஃபோம் போர்டில் நீங்களே வெட்டிக்கொள்ளலாம். பால்சா கிட் என்பது லேசரில் வெட்டிய மென்மையான மரத்துண்டுகளை எலும்புக்கூடாகக் கோத்து, மேலே ஃபிலிம் போர்த்துவது. இரண்டில் எது என்று கேட்டால் என் பதில்: கட்டக் கற்க பால்சா, பறக்கக் கற்க ஃபோம் போர்டு. பால்சா கிட்டை மேசையில் நிதானமாகக் கட்டுங்கள். அதே மாதங்களில் மலிவான ஃபோம் போர்டு விமானத்தை வயலில் விழவைத்துப் பழகுங்கள். ஒரே மோட்டார், ஒரே ரேடியோ இரண்டுக்கும் போதும்.

பால்சா பெரும்பாலும் ஈக்வடாரிலிருந்து வருகிறது. காற்றாலை இறக்கைகளுக்கும் அதே மரம் போவதால் விலை ஏறிய காலங்கள் உண்டு. இறக்கைக்கு வடிவம் தரும் குறுக்குப் பலகையான ரிப் ஒன்று உடைந்தால் புதுக் கிட் தேட வேண்டாம். வரைபடத்தைக் கணினிக் கோப்பாக்கி, சைன்போர்டு கடைகளில் அக்ரிலிக் வெட்டும் லேசர் இயந்திரத்தில் 3 மி.மீ. பால்சாவையோ மெல்லிய ப்ளைவுட்டையோ வெட்டித் தரச் சொல்லலாம். மோட்டார், சர்வோ, வயர், கனெக்டர் எல்லாவற்றுக்கும் ரிச்சி தெரு இருக்கிறது. வெளிநாட்டிலிருந்து ரேடியோவோடு சேர்ந்த முழுப்பெட்டியை வரவழைக்க நினைப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: முழு ட்ரோன்களையும், பாகம் பாகமாகப் பிரித்து வரும் ட்ரோன்களையும் இறக்குமதி செய்ய 2022 பிப்ரவரி 9 அன்று மத்திய அரசு தடை போட்டது. தனித்தனி உதிரிபாகங்களுக்கு அந்தத் தடை இல்லை. உள்ளூரில் வாங்கினால் இந்தச் சிக்கலே வராது.

மேசை

நல்ல மேசை என்றால் தட்டையான மேசை, அவ்வளவுதான். பழைய மரக்கடையில் கிடைக்கும் ஃப்ளஷ் டோர் பலகை ஒன்றை வாங்கி, மூலைக்கு மூலை நூலை இழுத்துப் பிடித்துப் பாருங்கள். நூலுக்கும் பலகைக்கும் நடுவே எங்காவது வெளிச்சம் தெரிந்தால் வேறு பலகை பாருங்கள். தட்டையாக இருந்தால், குண்டூசி இறங்குகிற மாதிரி அதன்மேல் மென்மையான அட்டை ஒன்றை ஒட்டுங்கள். அதன்மேல் வரைபடம். அதற்கும் மேலே கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தாள். இல்லையென்றால் இறக்கையும் வரைபடமும் ஒன்றாக ஒட்டிக்கொள்ளும்.

இறக்கையை இப்படித் தொடங்குங்கள். இறக்கையின் நீளவாட்டில் ஓடும் இரண்டு ஸ்பார் குச்சிகளில் கீழ் ஸ்பாரை வரைபடத்தின் கோட்டின்மேல் வைத்து, மரத்தைக் குத்தாமல் இரண்டு பக்கமும் குண்டூசி அடித்து நிறுத்துங்கள். ரிப்களை ஒவ்வொன்றாக ஸ்பாரில் உட்காரவைத்து, மூலைமட்டம் வைத்துச் செங்குத்தா என்று பார்த்தபிறகே பசை. பிறகு மேல் ஸ்பார், முன்விளிம்பு, பின்விளிம்பு. இரண்டு ஸ்பார்களுக்கும் இடையில் ரிப்புக்கு ரிப் ஒட்டும் சின்னப் பலகைகளைப் பலர் வேண்டாத வேலை என்று விட்டுவிடுகிறார்கள். இறக்கை காற்றில் மடியாமல் காப்பாற்றுவது அவைதான். அவற்றில் மரத்தின் நார் மேலிருந்து கீழாக நிற்க வேண்டும். படுக்கையாக வைத்தால் அந்த வலிமையில் பெரும்பகுதி போய்விடும்.

பசைக்கு வருவோம். ஃபெவிகால் மெதுவாகக் காயும். அதனால் திருத்த நேரம் கிடைக்கும், கனமும் குறைவு. ஃபெவிக்விக் போன்ற சூப்பர் க்ளூ நொடியில் பிடிக்கும், ஆனால் தவறான இடத்திலும் நொடியில் பிடிக்கும். மோட்டார் தாங்கும் ப்ளைவுட், சக்கரக் கம்பி, இரண்டு இறக்கைகளைச் சேர்க்கும் இணைப்பு ஆகியவற்றுக்கு எபாக்சி. மற்ற எல்லாவற்றுக்கும் ஃபெவிகாலே போதும் என்பது என் கருத்து. ஐப்பசி, கார்த்திகை மழையில் காற்று ஈரமாக இருப்பதால் ஃபெவிகால் காய நேரம் அதிகமாகும், மெல்லிய பால்சாவும் வளையும். அந்த மாதங்களில் ஒட்டிய இறக்கையை ஒரு இரவு முழுக்கக் குண்டூசியிலேயே விட்டுவிடுங்கள்.

இடது, வலது இறக்கைகளை நடுவில் சேர்க்கும்போது நுனிகள் கொஞ்சம் மேலே தூக்கி நிற்க வேண்டும். விமானம் ஒரு பக்கம் சாய்ந்தால் அதைத் தானே நிமிர வைப்பது இந்தத் தூக்கல்தான். எய்லரான் (இறக்கையின் பின்விளிம்பில் அசையும் மடல்) இல்லாமல், வாலில் உள்ள ரடரால் மட்டும் திருப்பும் விமானத்துக்கு, 60 செ.மீ. நீளமுள்ள ஒவ்வொரு பாதியின் நுனியும் ஏறக்குறைய 7 செ.மீ. உயர்ந்தால் சரி. எய்லரான் இருந்தால் அதில் பாதிக்கும் குறைவு.

ஃபிலிம் போர்த்தும்போதுதான் நல்ல இறக்கைகள் கெட்டுப்போகின்றன. அயர்ன் பெட்டியின் சூட்டில் ஃபிலிம் சுருங்கும். மேல்பக்கம் ஒரு இழுப்பும் கீழ்ப்பக்கம் வேறு இழுப்புமாகச் சுருங்கினால் இறக்கை முறுக்கிக்கொள்ளும். போர்த்தி முடித்ததும் விமானத்தின் பின்னால் நின்று, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, இரண்டு இறக்கைகளின் பின்விளிம்பையும் ஒன்றோடொன்று ஒப்பிடுங்கள். ஒரு நுனி முறுக்கியிருந்தால், எதிர்ப்பக்கம் கொஞ்சம் அதிகமாகவே முறுக்கிப் பிடித்துக்கொண்டு, ஃபிலிமின் மேல் மறுபடி அயர்ன் ஓட்டி, ஆறும்வரை விடாதீர்கள். இந்த ஐந்து நிமிட வேலையைத் தள்ளிப்போட்டால், விமானம் கையை விட்டதும் ஒரே பக்கமாகச் சரிந்துகொண்டே போகும். ரேடியோவில் எவ்வளவு ட்ரிம் போட்டாலும் அது முழுதாகத் தீராது.

வாலின் எலிவேட்டருக்கும் ரடருக்கும், அவற்றை அசைக்கும் சர்வோவிலிருந்து போகும் கம்பிக்கு சைக்கிள் ஸ்போக் அருமையான பொருள். நேராக இருக்கும், எளிதில் வளையாது, எந்த சைக்கிள் கடையிலும் கிடைக்கும். இறக்கையை உடலோடு ரப்பர் பேண்டால் கட்டுங்கள், போல்ட் வேண்டாம். தரையில் மோதினால் ரப்பர் பேண்ட் அறுந்து இறக்கை கழன்று விழும், உடையாது. நம் வெயிலில் ரப்பர் சீக்கிரம் வெடிக்கும் என்பதால் ஒவ்வொரு முறையும் புதியதைப் போடுங்கள்.

எடைக் கணக்கு

சமையலறை டிஜிட்டல் தராசு மேசையிலேயே இருக்கட்டும். 120 செ.மீ. நீளமும் 20 செ.மீ. அகலமும் உள்ள இறக்கையின் பரப்பு 24 சதுர டெசிமீட்டர். மொத்த எடை 800 கிராமுக்குள் நின்றால் ஒரு சதுர டெசிமீட்டருக்கு 33 கிராம் வரும். முதல் விமானத்துக்கு இது நல்ல கணக்கு. இந்த எடையில் விமானம் ஏறக்குறைய மணிக்கு 26 கி.மீ. வேகத்துக்குக் கீழே போனால்தான் தாங்கும் சக்தியை இழக்கும். எடை 1,200 கிராம் ஆனால் அந்த எல்லை 32 கி.மீ. ஆகிவிடும். கற்றுக்கொள்கிறவரின் கைக்கு அந்த 6 கி.மீ. பெரிய வித்தியாசம்.

வேறொரு கணக்கும் இங்கே உண்டு. 33 டிகிரி வெயிலில் காற்றின் அடர்த்தி, நூல்களில் போட்டிருக்கும் 15 டிகிரி கணக்கைவிட ஏறக்குறைய 6 சதவீதம் குறைவு. இறக்கைக்கும் ப்ரொப்பெல்லருக்கும் பிடிமானம் அந்த அளவு குறைகிறது. குளிர் நாட்டு வரைபடத்தில் 'இவ்வளவு எடை வரலாம்' என்று எழுதியிருந்தால், சித்திரை மாதத்து வேப்பம்பட்டில் அதைவிடக் குறைவாகவே கட்டுங்கள்.

மின்பாகங்கள் சேர்ந்து சாதாரணமாக 300 கிராமைத் தாண்டும். 2,200 எம்.ஏ.எச். 3 செல் லைப்போ பேட்டரி 180 கிராம் வாக்கில், 2212 அளவு மோட்டார் 50-60, மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ஈ.எஸ்.சி. 25, சர்வோ ஒன்றுக்கு 9, ரிசீவர் 15. வயர், ப்ரொப்பெல்லர், சக்கரம் எல்லாம் போக, மீதி 450 கிராமுக்குள் மரமும் பசையும் ஃபிலிமும் அடங்க வேண்டும். வால் பக்கத்தில் மட்டும் கஞ்சனாக இருங்கள். வால் ஈர்ப்பு மையத்திலிருந்து வெகு தூரத்தில் இருப்பதால், அங்கே கூடும் ஒவ்வொரு கிராமுக்கும் மூக்கில் இரண்டு மூன்று கிராம் ஈயம் சேர்க்க வேண்டிவரும்.

மோட்டார், பேட்டரி, ரேடியோ

2212 மோட்டார் பல கே.வி. (ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்துக்கு எத்தனை சுற்று) எண்களில் வரும். 1,000 கே.வி. மோட்டாரும் 10 அங்குல ப்ரொப்பெல்லரும் மெதுவான விமானத்துக்கு ஏற்ற ஜோடி. 2,200 கே.வி. மோட்டாரில் அதே 10 அங்குல ப்ரொப்பை மாட்டினால் மோட்டாரும் ஈ.எஸ்.சி.யும் கருகிவிடும், அதற்கு 6 அங்குலம்தான். ஈ.எஸ்.சி. 30 ஆம்பியர் போதும். மோட்டாரைக் கொஞ்சம் கீழ்நோக்கியும் கொஞ்சம் வலதுபக்கமாகவும், தலா 2 டிகிரி அளவு சாய்த்துப் பொருத்துங்கள். இல்லாவிட்டால் த்ராட்டில் கூட்டும்போதெல்லாம் விமானம் மூக்கைத் தூக்கி இடப்பக்கம் இழுக்கும். மோட்டாரின் பின்னால் ஒரு வாஷர் வைத்தாலே இந்தச் சாய்வு வந்துவிடும்.

லைப்போ பேட்டரியை மரியாதையோடு நடத்துங்கள். ஒரு செல் முழுதாக நிரம்பினால் 4.2 வோல்ட், 3.5-க்குக் கீழே இறக்காதீர்கள். நாள்கணக்கில் எடுத்து வைப்பதானால் 3.8-இல் வையுங்கள். 2,200 எம்.ஏ.எச். பேட்டரியை 2.2 ஆம்பியருக்கு மேல் சார்ஜ் செய்ய வேண்டாம். பேலன்ஸ் சார்ஜர் கட்டாயம். மண்சட்டிக்குள்ளோ வெறும் சிமெண்ட் தரையிலோ வைத்து, பக்கத்தில் ஒரு வாளி மணலோடு, நீங்கள் கூட இருக்கும்போது மட்டும் சார்ஜ் செய்யுங்கள். வண்டி சீட்டுக்கு அடியில் உள்ள பெட்டியில் மே மாத வெயிலில் பேட்டரியை விட்டுவிட்டுப் போவது நெருப்போடு விளையாடுவது. உப்பிய பேட்டரி எவ்வளவு விலை கொடுத்து வாங்கியதானாலும் முடிந்துபோனது.

ரேடியோ 2.4 கிகாஹெர்ட்சில் இயங்குவதாக இருக்கட்டும். ஃப்ளைஸ்கை எஃப்.எஸ்.-ஐ6 போன்ற 6 சேனல் செட் தொடக்கத்துக்கு நிறைவானது. வாங்கிய அன்றே செய்ய வேண்டியது ஃபெயில்சேஃப்: சிக்னல் அறுந்தால் மோட்டார் நின்றுவிடும்படி அமையுங்கள். ப்ரொப்பெல்லரைக் கழற்றிவிட்டு, டிரான்ஸ்மிட்டரை அணைத்துப் பார்த்து உறுதி செய்யுங்கள். இதைச் சோதிக்காத விமானம் வானத்துக்குப் போகக் கூடாது. சிக்னல் இழந்த விமானம் முழு வேகத்தில் எங்கே போய் இறங்கும் என்பதை யாரும் சொல்ல முடியாது. கீழே வீடுகள் இருக்கின்றன.

சமநிலை

எல்லாம் பொருத்தி, பேட்டரியும் வைத்தபிறகு ஈர்ப்பு மையம் பாருங்கள். 20 செ.மீ. அகல இறக்கையில் முன்விளிம்பிலிருந்து 5 முதல் 6 செ.மீ.க்குள் அது விழ வேண்டும். இரண்டு இறக்கைகளின் அடியிலும் அந்த இடத்தில் பென்சில் குறி போட்டு, இரண்டு ஆள்காட்டி விரல்களின் மேல் விமானத்தை நிறுத்துங்கள். மூக்கு லேசாகத் தாழ்ந்து நின்றால் நல்லது. வால் தாழ்ந்தால் பறக்கவிடவே வேண்டாம். மூக்கு கனத்த விமானம் சோம்பேறியாகப் பறக்கும், அவ்வளவுதான். வால் கனத்த விமானம் சொல்பேச்சே கேட்காது. முதலில் பேட்டரியை முன்னும் பின்னும் நகர்த்திப் பார்த்து, அதற்குமேல் முடியாவிட்டால் மட்டும் ஈயம் சேருங்கள்.

எலிவேட்டர் அசைவு மேலே கீழே 10 மி.மீ., ரடர் இருபுறமும் 20 மி.மீ. வாக்கில் இருந்தால் போதும். எக்ஸ்போ 30 சதவீதம் வைத்தால் குச்சியின் நடுப்பகுதி மென்மையாகும், பதற்றமான கைக்கு அது உதவும்.

எங்கே பறக்கலாம்

2021 ஆகஸ்டில் வந்த ட்ரோன் விதிகள் நம் பால்சா விமானத்துக்கும் பொருந்தும். 25 கிலோவுக்கு மிகாமல், கல்வி, ஆராய்ச்சி, பொழுதுபோக்கு போன்றவற்றுக்காக மட்டும், கண்பார்வைக்குள் பறக்கும் விமானத்தை அந்த விதிகள் மாதிரி விமானம் என்று தனியாக வகைப்படுத்தியிருக்கின்றன. வான்பகுதி பச்சை, மஞ்சள், சிவப்பு என்று பிரிக்கப்பட்டிருக்கிறது. பச்சைப் பகுதியில் 400 அடி, அதாவது 120 மீட்டர் உயரம் வரை அனுமதி கேட்க வேண்டியதில்லை. விமான நிலைய எல்லையிலிருந்து 8 முதல் 12 கி.மீ.க்குள் என்றால் 200 அடிதான். மஞ்சளுக்கு விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டின் அனுமதி வேண்டும். சிவப்பில் மத்திய அரசின் அனுமதி இல்லாமல் பறக்கவே முடியாது. மீறினால் அபராதம் 1 லட்சம் ரூபாய் வரை போகும்.

நம் வட்டாரத்தில் இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், கிழக்கே ஆவடியில் விமானப்படை நிலையமும் கனரக வாகனத் தொழிற்சாலையும் பிற பாதுகாப்புத் துறை நிறுவனங்களும் இருக்கின்றன. மேற்கே அரக்கோணத்தில் கடற்படையின் ராஜாளி விமானத் தளம். தென்கிழக்கே மீனம்பாக்கம் விமான நிலையமும் தாம்பரம் விமானப்படைத் தளமும். நடுவில் நாம். ஒரு வயலுக்கும் அடுத்த வயலுக்கும் நிறம் மாறலாம். ஆகவே வான்பகுதி வரைபடத்தை அரசுத் தளத்தில் திறந்து, நீங்கள் நிற்கப்போகும் இடத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். வரைபடம் மாறிக்கொண்டிருப்பது, போன மாதம் பார்த்தது இந்த மாதத்துக்குச் செல்லாது. பதிவு, உரிமம் பற்றிய விதிகளையும் அதே அமர்வில் படித்துவிடுங்கள். நிலத்துக்காரரிடம் கேளுங்கள், உள்ளூர் காவல் நிலையத்தில் ஒரு வார்த்தை சொல்லி வைப்பதும் நல்லது. 

இடம் தேடும்போது முதலில் கண்ணில் படுவது புதிய மனைப்பிரிவின் 30 அடி சாலை. ஓடுபாதை போலவே இருக்கும். ஓரமெல்லாம் மின்கம்பங்கள், குறுக்கே மாடுகள், எந்த நேரமும் வரக்கூடிய பிள்ளைகள், அங்கே வேண்டாம். தை மாத அறுவடை முடிந்த வயல் நல்ல இடம். விழுந்தாலும் வைக்கோல் தாளும் மண்ணும் தாங்கிக்கொள்ளும். ஆனால் நவரைப் பருவ நெல் நட்ட வயல் பக்கத்தில் இருந்தால் அதற்குள் இறங்கி விமானம் எடுக்க நேரும், நாற்று மிதிபடும், அதைத் தவிருங்கள். கோடையில் வற்றிய ஏரி விசாலமானது, சீமைக் கருவேலம் இல்லாத பகுதியாகப் பாருங்கள். தண்ணீர் நிற்கும் மாதங்களில் ஏரிகளுக்குப் பறவைகள் வரும். அப்போது ஏரிப்பக்கம் போகாதீர்கள்.

ரயில் பாதைக்கும் உங்களுக்கும் இடையே நல்ல தூரம் இருக்கட்டும். பாதைக்கு மேலே ஓடும் கம்பியில் 25,000 வோல்ட் மின்சாரம் எப்போதும் இருக்கிறது. விமானம் அங்கே சிக்கினால் அது போனது போனதுதான். கம்போ கழியோ எடுத்துக்கொண்டு போகாதீர்கள். கம்பியைத் தொடாமல் அருகில் போனாலே உயிர் போகும். நிலைய அதிகாரியிடம் தகவல் சொல்லுங்கள், அத்துடன் விடுங்கள். தெருவில் போகும் மின்வாரியக் கம்பிக்கும் இதே விதி.

காற்று

விடிந்து ஒரு மணி நேரத்துக்குள் பறந்து முடிப்பவரே இந்த ஊரில் நன்றாகக் கற்றுக்கொள்கிறார். வெயில் ஏற ஏற, உழுத நிலத்திலிருந்து சூடான காற்று குமிழ்குமிழாக எழும்பி விமானத்தைத் தூக்கிப்போடும். கோடையில் கடற்காற்று கரையோரத்தில் நண்பகல் வாக்கில் தொடங்கினாலும், இவ்வளவு உள்ளே வந்து சேரப் பிற்பகல் ஆகிவிடும். அதுவரை மேற்கிலிருந்து வீசிய வெக்கைக் காற்று சட்டென்று கிழக்கிலிருந்து வீசும். அந்த நேரத்தில் தரையிறங்கிக்கொண்டிருந்தால், எதிர்காற்று பின்காற்றாகிவிடும். ஒரு குச்சியில் ரிப்பன் கட்டி நட்டு, அதையே பார்த்துக்கொண்டிருங்கள். தென்னை ஓலை விடாமல் ஆடுகிற நாளில் தொடக்கக்காரர் வீட்டில் ரிப் ஒட்டலாம்.

பருந்துகள் ஒரே இடத்தில் இறக்கை அடிக்காமல் வட்டமிட்டால் அங்கே சூடான காற்று எழும்புகிறது என்று அர்த்தம். அனுபவம் வந்தபிறகு அதைப் பயன்படுத்தி மோட்டார் இல்லாமலே உயரலாம். இப்போதைக்கு, பருந்து உங்கள் விமானத்தை நோக்கி வந்தால் த்ராட்டிலைக் குறைத்து இறக்கிவிடுங்கள். வானம் அதன் வீடு.

முதல் பறப்பு

வயலுக்குப் போகுமுன் கணினியிலோ போனிலோ சிமுலேட்டரில் பழகுங்கள். பிக்காசிம் இலவசமாகக் கிடைக்கிறது. சிமுலேட்டர் கற்றுத்தர வேண்டிய முக்கியமான பாடம் ஒன்று: விமானம் உங்களை நோக்கி வரும்போது இடமும் வலமும் மாறித் தெரியும். அப்போது எந்த இறக்கை தாழ்ந்திருக்கிறதோ அந்தப் பக்கம் குச்சியைத் தள்ளினால் விமானம் நிமிரும். யோசிக்காமல் கை அதைச் செய்யும்வரை வயலுக்கு அவசரப்பட வேண்டாம்.

தனியாகப் போகாதீர்கள். பறக்கத் தெரிந்த ஒருவர் பக்கத்தில் நிற்கட்டும். கல்லூரிகளில் விமானப் பொறியியல் படிக்கும் மாணவர்கள், என்.சி.சி. விமானப் பிரிவில் ஏரோமாடலிங் பழகியவர்கள் என்று தேடினால் ஆள் கிடைப்பார்கள். குரோம்பேட்டை எம்.ஐ.டி.யின் தக்‌ஷா குழு 2018-இல் ஆஸ்திரேலியாவில் நடந்த ஆளில்லா விமானப் போட்டியில் இரண்டாம் இடம் பிடித்தது. மாதிரி விமான ஆர்வலரான நடிகர் அஜித்குமார் அந்தக் குழுவுக்கு ஆலோசகராக இருந்தார். அந்தச் செய்திக்குப் பிறகு இந்தக் கலைக்கு வந்த இளைஞர்கள் பலர். அவர்களில் ஒருவரிடம் கேட்டுப் பாருங்கள், மகிழ்ச்சியோடு வருவார்.

முதலில் ரேடியோ தூரச் சோதனை. பிறகு விமானத்தின் பின்னால் நின்று அசைவுகளைப் பாருங்கள்: குச்சியை வலப்பக்கம் தள்ளினால் ரடர் வலப்பக்கம், உங்களை நோக்கி இழுத்தால் எலிவேட்டர் மேலே. மோட்டார் இல்லாமல், எதிர்காற்றில், தோள் உயரத்திலிருந்து தரைக்கு இணையாக வீசுங்கள். நேராக மிதந்து சற்றுத் தள்ளி அமர்ந்தால் எல்லாம் சரி. மூக்கைத் தூக்கி நின்று தொப்பென்று விழுந்தால் வால் கனம். நேராகக் குத்தினால் மூக்கு கனம், அல்லது எலிவேட்டர் தாழ்ந்திருக்கிறது. சரிசெய்து மறுபடி வீசுங்கள்.

இப்போது மோட்டாரோடு. கூட வந்தவர் வீசட்டும். நீங்கள் இரண்டு குச்சிகளிலும் கை வைத்திருங்கள். முக்கால் த்ராட்டிலில் எதிர்காற்றில் ஏறவிடுங்கள். 30 மீட்டர் உயரம் வரும்வரை திருப்பவே வேண்டாம். புதியவர்கள் உயரத்துக்குப் பயந்து தாழ்வாகவே பறப்பார்கள். உயரம்தான் பாதுகாப்பு, தவறைத் திருத்த நேரம் அங்கேதான் கிடைக்கும். மேலே போனதும் த்ராட்டிலைப் பாதியாகக் குறைத்து, ட்ரிம் செய்து, பெரிய வட்டங்களாகச் சுற்றுங்கள். அப்போது உங்களுக்கும் கூட வந்தவருக்கும் நடக்கும் பேச்சு இப்படி இருக்கும்:

"அண்ணா, வலது பக்கமே சாயுதுண்ணா!"

"கையை எடு தம்பி. தானா நிமிரும் பாரு."

நேராகக் கட்டிய விமானம் என்றால் நிமிரும். புதிதாகப் பறப்பவர் செய்யும் பெரும்பாலான தவறுகள் அதிகமாகக் குச்சியை ஆட்டுவதால் வருகின்றன.

கடிகாரத்தை 8 நிமிடத்துக்கு வைத்துக்கொண்டு, மணி அடித்ததும் இறங்கத் தொடங்குங்கள். பேட்டரியில் இன்னும் ஒன்றிரண்டு முயற்சிக்கு மிச்சம் இருக்கும். எதிர்காற்றில், இறக்கைகள் மட்டமாக, த்ராட்டிலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து வாருங்கள். தரைக்கு ஒரு மீட்டர் உயரத்தில் மோட்டாரை நிறுத்தி, எலிவேட்டரை லேசாக இழுத்துப் பிடியுங்கள். இறங்கும் இடம் காலடியிலேயே இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டு, மூக்கைத் தூக்கி வேகத்தைக் கொல்லாதீர்கள். நடந்து போய் எடுத்துக்கொள்ளலாம்.

விழுந்தபிறகு

விழும். விழுந்ததும் ஓடுவதற்கு முன் த்ராட்டிலைக் கீழே இறக்குங்கள். ப்ரொப்பெல்லர் விரலை வெட்டக்கூடியது. முதலில் பேட்டரியைக் கழற்றி, பிதுங்கியிருக்கிறதா என்று பாருங்கள். அடிபட்ட பேட்டரி அரைமணி நேரம் கழித்தும் தீப்பிடிக்கலாம். அதை விமானத்திலிருந்து தள்ளி, வெறும் மண்ணில் வையுங்கள். உடைந்த துண்டுகளை, மரச்சிராய் உட்பட, எல்லாவற்றையும் ஒரு பையில் பொறுக்குங்கள். உடைந்த விளிம்புகள் ஒன்றோடொன்று சரியாகப் பொருந்துவதால், பொறுக்கியதை ஒட்டுவது புதிதாக வெட்டுவதைவிட நேராக வரும்.

வீட்டில், ஃபிலிமைத் தேவையான அளவுக்கு மட்டும் கிழித்து உள்ளே பாருங்கள். ஸ்பார் உடைந்திருந்தால் முறிந்த இடத்தை ஒட்டி, அதன் இருபுறமும் சாய்வாகச் சீவிய பால்சாத் துண்டை ஒட்டுங்கள். நேராக வெட்டிய துண்டு வைத்தால் அடுத்த முறை அதன் ஓரத்திலேயே முறியும். மோட்டார் தாங்கும் ப்ளைவுட்டில் மயிரிழை விரிசல் கண்ணுக்குத் தெரியாது. விரலால் அழுத்திப் பாருங்கள், ஆடினால் மாற்றுங்கள். சர்வோ கொம்பைக் கையால் மெதுவாகத் திருப்புங்கள், இடையில் தட்டினால் பல் போயிருக்கிறது. இறக்கையை மறுபடி அதே தட்டையான பலகையில் குண்டூசியால் நிறுத்தித்தான் ஒட்ட வேண்டும், மடியில் வைத்து ஒட்டிய இறக்கை நேராக வராது. காய்ந்ததும் தராசில் வையுங்கள். பழுது பார்த்ததில் 20 கிராம் கூடியிருந்தால் அது எந்தப் பக்கம் கூடியது என்று விரல்மேல் நிறுத்திப் பார்த்து, பேட்டரியை நகர்த்தி, அதன் புது இடத்தை விமானத்தின் உடலுக்குள் பேனாவால் குறித்து வையுங்கள்.